வினைல் ஸ்ட்ரைப் ஒட்டிய காருக்கு வாக்ஸ்: கவனமெல்லாம் ஓரத்தில்

அழகுக்காக வினைல் ஸ்ட்ரைப் (பிளாஸ்டிக் பட்டை) ஒட்டிய காரில் முதலில் கெடுவது ஸ்ட்ரைப்பின் ஓரம். நடுப்பகுதி வருஷக்கணக்கில் பளிச்சென்றே இருக்கும். ஓரத்தில்தான் வெள்ளைக் கோடு விழும், கறுப்பாக அழுக்கு சேரும், நுனி மெல்லத் தூக்கிக்கொள்ளும். கார் முழுக்க வாக்ஸ் தேய்ப்பது அரைநாள் வேலை. அதில் நிதானம் கேட்கிற இடம், ஸ்ட்ரைப்பும் பெயின்ட்டும் சந்திக்கிற ஒரு மில்லிமீட்டர்.

முதலில் அது வினைல்தானா என்று பாருங்கள். சில கார்களில் ஸ்ட்ரைப்பைப் பெயின்ட்டாகவே அடித்து, மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) போட்டிருப்பார்கள். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரைப் முடிகிற முன்விளிம்பைக் குனிந்து பார்த்தால் போதும். வினைல் என்றால் உள்பக்கம் மடித்து ஒட்டிய நுனியோ, பிளேடால் வெட்டிய முனையோ தெரியும். ஓரத்தில் நகத்தைக் குறுக்காக ஓட்டினால் படி தட்டும். ஆனால் பெயின்ட் ஸ்ட்ரைப்பிலும் லேசான மேடு இருக்கக்கூடும் என்பதால் நகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பெயின்ட் என்று உறுதியானால் மற்ற இடத்துக்குச் செய்வதையே அதற்கும் செய்யலாம், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

வினைல் ஏன் இவ்வளவு நுணுக்கம் கேட்கிறது?

வினைல் என்பது பி.வி.சி. படலம். பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். அதை வளையும்படி ஆக்குவது உள்ளே கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். வெயில், சூடு, கரைப்பான் மூன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். போகப் போகப் படலம் விறைக்கும், சுருங்கும், கடைசியில் வெடிக்கும். பெயின்ட்டைப் போல மேலே தடித்த கிளியர் கோட் கிடையாது. பெரும்பாலான ஸ்ட்ரைப்பில் நிறம் படலத்துக்குள்ளேயே இருக்கிறது. கீறல் விழுந்தால் தேய்த்து எடுக்க அங்கே உபரியாக ஒன்றும் இல்லை.

வினைலில் இரண்டு வகை உண்டு. திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்யும் காஸ்ட் வினைல் சுமார் 50 மைக்ரான் கனம், அளவு மாறாமல் நிற்கும். காலண்டர்டு வினைல் பொதுவாக 75 முதல் 100 மைக்ரான். இது உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்தது. இழுபட்ட பொருள் சூடு ஏறினால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். படலம் பின்வாங்கும், பசை இருந்த இடத்திலேயே நிற்கும். அந்தப் பசைக் கோட்டில் தூசி ஒட்டுவதுதான் விலை குறைந்த ஸ்ட்ரைப்பின் ஓரம் நெடுக வரும் கறுப்புக் கோடு. அதை வாக்ஸ் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள்.

ஒட்டுவது முதலில், வாக்ஸ் பிறகு. வாக்ஸோ கோட்டிங்கோ போட்ட பெயின்ட்டில் பசை சரியாகப் பிடிக்காது. புதிதாக ஒட்டிய ஸ்ட்ரைப்பை ஒரு வாரமாவது கழுவாமல் விடுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வரும்வரை ஓரத்தை எந்த ஷாம்பூவும் துணியும் தொடாமல் இருப்பது நல்லது.

கழுவுவது

பி.எச். நடுநிலையான கார் ஷாம்பூ, இரண்டு பக்கெட், ஒரு மைக்ரோஃபைபர் கையுறை. ஒரு பக்கெட்டில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். முதலில் நிறைய தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிடுங்கள். கையுறை எப்போதும் ஸ்ட்ரைப்பின் நீளவாக்கில் ஓடட்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு தடவையும் துணியின் இழை ஓரத்தில் மாட்டி, அதைக் கொஞ்சம் மேலே இழுக்கும். துடைக்கும்போதும் இதே கணக்கு: ஓரத்தில் துணியை வைத்து ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள்.

பிரஷர் வாஷர் பயன்படுத்தலாம், ஆனால் கட்டுப்பாட்டோடு. அழுத்தம் 2000 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, தண்ணீர் 80 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, 40 டிகிரி விரிந்து அடிக்கும் நாசில், 30 சென்டிமீட்டராவது தள்ளி. எண்களைவிட முக்கியம் கோணம். நாசிலைப் பரப்புக்கு நேர் எதிராகப் பிடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் தண்ணீர் கத்தி மாதிரி ஓரத்துக்கு அடியில் நுழையும். பிரஷ் சுழலும் தானியங்கி வாஷுக்குள் ஸ்ட்ரைப் காரைக் கொண்டுபோகாதீர்கள்.

வாக்ஸ் வாங்கும்போது

வாக்ஸும் பாலிஷும் வேறு வேறு. பாலிஷ் நுண்ணிய துகளால் பரப்பைத் தேய்த்து எடுக்கும். வாக்ஸ் மேலே படலமாகப் படியும். இரண்டையும் ஒன்றாகக் கலந்த கிளீனர் வாக்ஸ் டப்பாக்களும் கிடைக்கும். அவை வினைல் பக்கமே போகக் கூடாது. கட்டி வாக்ஸ் பலவற்றில் பெட்ரோலியக் கரைப்பான் இருக்கும். மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அது பெயின்ட்டுக்கு மட்டும். வினைலுக்கு நீர் அடிப்படையிலான செயற்கை சீலன்ட் (வாக்ஸ் போலவே மேலே படலமாகப் படிவது), அல்லது வினைலுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே.

மாட் (பளபளப்பில்லாத) ஸ்ட்ரைப் என்றால் எந்த வாக்ஸும் வேண்டாம். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கிறது. வெளிச்சம் சிதறுவது அதனால்தான். வாக்ஸ் அந்தக் குழிகளை நிரப்பினால் அங்கங்கே எண்ணெய் பட்ட மாதிரி திட்டுத் திட்டாக மினுங்கும், பிறகு சமமாக்குவது பெரும்பாடு. மாட் பரப்புக்கென்று தனியாக வரும் ஸ்ப்ரே உண்டு. இல்லாவிட்டால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே லாமினேஷன் (பாதுகாப்புக்கு ஒட்டும் தெளிவான படலம்) இல்லாமல் அச்சடித்த ஸ்ட்ரைப்புக்கும் சோப்புத் தண்ணீர்தான்.

பெயின்ட்டுக்கு வாக்ஸ் போடுவது

கார் நிழலில் நிற்க வேண்டும்; புறங்கையை வைத்தால் பானெட் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) போடுவதானால் ஸ்ட்ரைப்புக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நின்றுவிடுங்கள்.

அடுத்தது டேப். பெயின்டர்கள் பயன்படுத்தும் குறைந்த பசையுள்ள மாஸ்கிங் டேப், 18 முதல் 24 மில்லிமீட்டர் அகலம். அதை ஸ்ட்ரைப் மேல் ஓரத்தை ஒட்டிப் போட்டு, பெயின்ட் பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாண்டி நிற்கும்படி அழுத்துங்கள். இப்போது அந்தப் படி மூடப்பட்டுவிட்டது. வாக்ஸ் போய் உட்கார இடமில்லை. டேப்புக்கு அடியில் மாட்டிய பெயின்ட்டுக்கு வாக்ஸ் கிடைக்காதே என்றால், கடைசியில் ஸ்ட்ரைப்புக்குப் போடும் சீலன்ட் அதையும் சேர்த்து மூடிவிடும்.

அப்ளிகேட்டரில் (வாக்ஸ் தடவும் மெத்தைத் துண்டு) ஒரு நாணய அளவு வாக்ஸ் எடுத்தால் அரை மீட்டர் சதுரத்துக்கு மேலேயே வரும். தடவிய இடம் லேசாக மங்கித் தெரிந்தால் போதும். வெள்ளையாக அப்பியிருந்தால் அது வீண், துடைக்கும் வேலைதான் கூடும். ஓரத்துக்குப் பக்கத்தில் வட்டமாகத் தேய்க்காமல் ஸ்ட்ரைப்புக்கு இணையாக நேர்கோட்டில் தேயுங்கள். ஐந்து முதல் பத்து நிமிஷம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் காய வேண்டும்.

பானெட்டில் இரட்டை ஸ்ட்ரைப் இருந்தால் நடுவில் மெல்லிய பெயின்ட் வாய்க்கால் ஒன்று மிஞ்சும். அங்கே அப்ளிகேட்டர் நுழையாது, இரண்டு பக்கமும் டேப் ஒட்டினால் தேய்க்க இடமே இருக்காது. கட்டி வாக்ஸை விட்டுவிட்டு அந்தப் பட்டைக்கும் சீலன்ட்டையே போடுங்கள்.

டேப்பை எடுப்பதில்தான் தவறு செய்கிறவர்கள் அதிகம். வெயிலில் காயவிட்டாலோ, இரவு முழுக்க விட்டாலோ டேப்பின் பசை வினைலில் தங்கிவிடும். வாக்ஸைத் துடைத்து முடித்த கையோடு எடுத்துவிடுங்கள். டேப்பை அதன் மேலேயே மடக்கி, பரப்பை ஒட்டித் தாழ்வாக, மெதுவாக நீளவாக்கில் இழுங்கள். ஸ்ட்ரைப்பின் கூர்முனையிலிருந்து தொடங்காமல், முனையை நோக்கி இழுத்து முடியுங்கள். முனையில் தொடங்கினால் டேப்போடு அதுவும் எழும்பி வரும்.

பிறகு ஸ்ட்ரைப். சீலன்ட்டைத் துணியில் அடித்துக்கொண்டு நீளவாக்கில் ஒரே சீராகத் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் உடனே மெருகேற்றுங்கள். நேராகக் கார் மேல் அடித்தால் திரவம் ஓரத்தில் தேங்கும். பானெட்டும் கூரையும் வெயிலை நேராக வாங்குவதால் அங்கே ஒட்டிய வினைல் பக்கவாட்டில் ஒட்டியதைவிடச் சீக்கிரம் கெடும். பக்கவாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் மேல்பக்கத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள்.

மெஷின் பாலிஷ் போடுவதானால் ஸ்ட்ரைப் முழுவதையும் இரண்டு அடுக்கு டேப்பால் மூடி, பேட் ஓரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளியே ஓடட்டும். சுழலும் பேட் ஓரத்தில் பட்டால் உரசலில் வரும் சூடு பசையை இளக்கி, அதே சுழற்சியில் படலத்தையும் மடித்துவிடும். அந்த இரண்டு சென்டிமீட்டரைக் கையால் செய்துகொள்ள வேண்டியதுதான்.

கெட்டுப்போனதைச் சரிசெய்வது

ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது காய்ந்த வாக்ஸ். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிஷம் மேலே போட்டு ஊறவிடுங்கள். பிறகு மிருதுவான பல்துலக்கும் பிரஷால், ஓரத்தின் நீளவாக்கில் மட்டும். இன்னும் மிஞ்சினால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, காது குடையும் பஞ்சில் தொட்டு எடுங்கள். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பசையின் கறுப்புக் கோட்டுக்கும் இதே கலவைதான். ஆனால் அது வெளியே தெரியும் பசையை மட்டும் எடுக்கும். படலம் இன்னும் சுருங்கினால் கோடு மறுபடி வரும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் கூடாது. பெட்ரோல் போடும்போது டேங்க் மூடிக்குக் கீழே ஸ்ட்ரைப்பில் வழிந்தால் அங்கேயே துடைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பறவை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு இளக வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் வினைலில் கறை நிற்கும், அதைப் போக்க வழியில்லை.

நுனி தூக்கியிருந்தால் முதலில் அடியில் பாருங்கள். பசை இன்னும் சுத்தமாக இருந்தால், ஆல்கஹால் கலவையால் பெயின்ட் பக்கத்தை மட்டும் துடைத்துக் காயவிட்டு, ஹேர் ட்ரையரால் தொட்டால் சூடாகத் தெரியும்வரை காட்டி, உள்ளிருந்து வெளியே விரலால் அழுத்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். தூசி ஏறியிருந்தால் அது இனி ஒட்டாது. தூக்கிய துண்டை மட்டும் சிறிய கத்தரியால் வளைவாக நறுக்கிவிடுங்கள். கூரான மூலை மறுபடி தூக்கும், வளைத்து வெட்டியது அவ்வளவு சீக்கிரம் தூக்காது. இந்த வேலைக்குக் கத்தரிதான் சரி. பிளேடு பெயின்ட்டிலும் கோடு போட்டுவிடும்.

கைரேகை மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் ஸ்ட்ரைப்பின் காலம் முடிந்தது, அதற்கு மேல் சீலன்ட் போட்டுப் பயனில்லை. முழுசாக நொறுங்கும்முன் எடுத்துவிடுங்கள். ஹேர் ட்ரையரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, தாழ்வான கோணத்தில் இழுத்தால் நீளமாக வரும். விறைத்துப்போனது நகத்தளவு துண்டுகளாகத்தான் வரும். எடுத்த இடத்தில் பெயின்ட் புதுசு மாதிரியும் சுற்றிலும் வெளுத்தும், ஸ்ட்ரைப்பின் நிழல் அப்படியே நிற்கும். சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக வாக்ஸ் போட்டு, காரை நிழலில் நிறுத்தி வந்திருந்தால் இந்த வித்தியாசம் குறைவாக இருக்கும். பாலிஷ் கொஞ்சம் சமப்படுத்தும். நன்றாக வெளுத்த பெயின்ட்டில் அதுவும் பாதி வழிதான் போகும்.