கம்பெனி காலத்து வரைபடத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

பழைய வரைபடம் கிடைத்ததும் நம்மில் பலரும் முதலில் சொந்த ஊரைத் தேடுவோம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூலைக்குப் போங்கள். தலைப்பைச் சுற்றி ஒரு சித்திரம் இருக்கும். அந்த நாட்டைத் தன் கையில் வைத்திருப்பவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளராக இருந்த ஜேம்ஸ் ரென்னல் 1782இல் வெளியிட்ட இந்துஸ்தான் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். பழைய வரைபடங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டேவிட் ரம்ஸி இணையதளத்தில் பெரிய அளவில் பார்க்கலாம், நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பிரிட்டனைப் பெண்ணாக உருவகப்படுத்திய பிரிட்டானியா நிற்கிறாள். பண்டிதர்கள் தங்கள் சாஸ்திர நூல்களைக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைக்கிறார்கள். 'பாதுகாப்புக்காகப் பெற்றுக்கொள்கிறாள்' என்பது ரென்னலே தந்த விளக்கம். சரி, பாதுகாப்பு என்றால் பக்கத்தில் இருக்கும் பீடத்தில் எதற்குப் போர் வெற்றிகளைப் பொறித்திருக்கிறார்கள்? ஒரு சிப்பாய் தன் தோழனுக்கு இரண்டு பெயர்களைச் சுட்டிக்காட்டுகிறான்: போர்ட்டோ நோவோ, சோளிங்கர். போர்ட்டோ நோவோ நம்ம பரங்கிப்பேட்டைதான். இரண்டும் 1781இல் ஹைதர் அலியை எதிர்த்து நடந்த சண்டைகள். அடுத்த வருஷமே வரைபடத்தில் ஏறிவிட்டன, அதையும் ஓர் இந்தியச் சிப்பாயின் விரலால் காட்ட வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்து, யார் மேலே இருக்கிறார்கள், யார் கீழே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓவியங்களுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். 1778இல் ஸ்பிரிடியோன் ரோமா லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தின் கூரைக்கு ஓர் ஓவியம் வரைந்து கொடுத்தார். அதில் வெள்ளைவெளேரென்று பிரிட்டானியா பாறைமேல் உட்கார்ந்திருக்க, கீழே நிற்கும் இந்தியா முத்தையும் நகையையும் ஏந்துகிறாள், சீனா பீங்கானும் தேயிலையும் கொண்டுவருகிறாள். பிடுங்கியது என்று ஒரு கோடுகூட இல்லை, எல்லாம் காணிக்கை. யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், யாருடைய தோல் எந்த நிறத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாலே பாதிப் படம் பிடிபட்டுவிடும்.

அழகான நிலக்காட்சி என்றால் வருஷத்தைப் பாருங்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தெற்கே வந்து மலைக்கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்தது 1792இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு. படத்தில் அமைதி தவழும், ஆனால் படை போய் வந்த பாதை அது.

கடைசியாக, வேலை செய்தவர்களைத் தேடுங்கள். இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். கம்பெனி படை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை பக்கம் அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட அடிப்படையான கோடு) அளந்து தொடங்கிய நில அளவையில், கோணங்களை அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சேதமானது. லாம்டன் பெயர் எல்லாருக்கும் தெரியும், கயிற்றை இழுத்தவர்கள் பெயர் எந்த வரைபடத்தின் ஓரத்திலும் இல்லை.

இதற்கு மாறான படம் ஒன்று உண்டு. தாமஸ் ஹிக்கி 1816இல் சென்னையில் வரைந்த, கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஓவியத்தில், சிவப்புச் சீருடைக்காரரைச் சுற்றி மூன்று இந்தியர்கள் நிற்கிறார்கள், ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் ஓலைச்சுவடி. மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியாது. ஊர் ஊராகப் போய்ச் சுவடியும் கல்வெட்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் காவலி சகோதரர்களான போரய்யா, லட்சுமய்யா, ராமசாமி ஆகியோர். அப்படிச் சேர்த்ததில் பெரும்பகுதி சென்னையிலேயே, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் வரைபடத்தைப் பார்த்து முடித்ததும், அதே ஊரைப் பற்றி அங்கே கைபீது, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்பு, ஏதாவது இருக்கிறதா என்று நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.