பழைய மடிக்கணினியில் இடம் மீட்பது எப்படி? படங்களைக் கடைசியில் தொடுங்கள்

என் தங்கை 2018இல் வாங்கிய மடிக்கணினியைப் போன வாரம் என்னிடம் கொண்டுவந்தாள். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பாடக் குறிப்பு ஒன்றைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது. எதைத் திறந்தாலும் திணறுகிறது. "படங்களை எல்லாம் அழித்துவிடட்டுமா, அண்ணா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து நிறுத்தினேன்.

இடம் போதாதபோது பலரும் முதலில் கை வைப்பது குடும்பப் படங்களில்தான். போனால் திரும்பக் கிடைக்காதவையும் அவைதான். கணினி தானாகச் சேர்த்த குப்பையையும், நாம் இறக்கிவைத்து மறந்த கோப்புகளையும் முதலில் பார்ப்போம். கீழே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் அளந்து பாருங்கள்

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று போங்கள். சி டிரைவில் எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

128 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் அங்கே 119 ஜிபி என்றுதான் தெரியும். எதுவும் காணாமல் போகவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 1024ஆகக் கணக்கிடுகிறது. தங்கையின் கணினியில் அந்த 119இல் மீதமிருந்தது 2 ஜிபி.

தற்காலிகக் கோப்புகள்

அதே பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் என்பதை அழுத்துங்கள். பட்டியல் வரச் சற்று நேரமாகும், பொறுத்திருங்கள். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், தம்ப்நெயில்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ரீசைக்கிள் பின்னை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் இறக்கிவைத்த ஹால் டிக்கெட், சான்றிதழ் எல்லாம் போய்விடும். அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரிமூவ் ஃபைல்ஸ் பொத்தானை அழுத்துங்கள். பழைய விண்டோஸ் பதிப்பு ஒன்று பட்டியலில் இருந்தால், அதை நீக்கிய பின் அந்தப் பதிப்புக்குத் திரும்ப முடியாது. புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது என்றால் நீக்கிவிடலாம்.

இந்த ஒரு படியிலேயே 9 ஜிபி கிடைத்தது.

டவுன்லோட்ஸ் கோப்புறை

உண்மையான புதையல் இங்கேதான். கோப்புகளை விவரப் பட்டியலாக மாற்றி, சைஸ் என்ற தலைப்பை அழுத்துங்கள். பெரியவை மேலே வரும். நிறுவி முடித்த மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள் இனித் தேவையில்லை. ஒரே ஆதார் பிரதி, பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண்ணுடன் ஏழு முறை இறங்கியிருந்தது. அவை சிறியவை, அதற்காக நேரம் செலவிட வேண்டாம். பெரிய கோப்புகளைத் தேடுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கோப்புகளுக்கு அளவு காட்டும் விண்டோஸ், கோப்புறைகளுக்குக் காட்டுவதில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். தங்கையின் டவுன்லோட்ஸுக்குள் டெலிகிராம் டெஸ்க்டாப் என்று ஒரு கோப்புறை ஓரமாக இருந்தது. வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் 14 ஜிபி! குழுக்களிலிருந்து இறக்கிய வகுப்புக் காணொளிகள், எப்போதோ பார்த்து முடித்தவை. உங்கள் கணினியிலும் ஒவ்வொரு கோப்புறையையும் இப்படித் திறந்து அளந்துபாருங்கள்.

டெலிகிராம் செயலிக்குள்ளும் தனியாக ஒரு சேமிப்பு வளர்ந்துகொண்டிருக்கும். அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட், மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ் என்று போய் நீக்கலாம். உரையாடல்கள் அழியாது, தேவைப்படும் படம் இணையத்திலிருந்து மீண்டும் வரும். இந்த இரண்டிலும் சேர்த்து 17 ஜிபி மீண்டது.

பயன்படுத்தாத மென்பொருள்களை செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் நீக்குங்கள். அதன் கோப்புறையைக் கையால் அழிப்பது முறையல்ல.

ஹைபர்னேட்: யோசித்துச் செய்யுங்கள்

ஹைபர்னேட் என்பது, திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கணினியை முழுதாக அணைப்பது. அப்போது ரேமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை எழுதிவைக்க, விண்டோஸ் ஒரு மறைகோப்பை எப்போதும் ஒதுக்கிவைக்கிறது. வழக்கமாக அது ரேம் அளவில் 40 சதவீதம். 8 ஜிபி ரேம் என்றால் சுமார் 3.2 ஜிபி.

அதை மீட்க, ஸ்டார்ட்டில் ஆங்கிலத்தில் சிஎம்டி என்று தட்டுங்கள். வரும் கமாண்ட் ப்ராம்ப்ட்டை வலது சொடுக்கி, நிர்வாகியாக இயக்குங்கள். பவர் என்ற சொல்லோடு ஒட்டி சி, எஃப், ஜி, ஓர் இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி எச், இன்னோர் இடைவெளி, ஆஃப். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டி எண்டர் அழுத்துங்கள். திரும்ப வேண்டுமானால் கடைசிச் சொல்லை ஆன் என்று மாற்றினால் போதும்.

ஆனால் பேட்டரி தளர்ந்த கணினிக்கு இதைச் செய்யாதீர்கள். ஸ்லீப்பில் இருக்கும்போது சார்ஜ் தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். அதிலிருந்து காப்பது ஹைபர்னேட்தான். கணினியை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் இதோடு நின்றுவிடும். தங்கை எப்போதும் சார்ஜரோடுதான் வேலை செய்கிறாள் என்பதால் நான் அணைத்தேன்.

விண்டோஸ் கோப்புறைக்குள் மட்டும் எதையும் கையால் நீக்காதீர்கள், அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும்.

மொத்தத்தில் 2 ஜிபி 31 ஆனது. ஒரு படத்தைக்கூட அழிக்கவில்லை. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் இதனால் பெரிய வேகம் வந்துவிடாது. சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி மாற்றினால்தான் வரும். இடம் நிரம்பியதால் வந்த திணறல் தீரும், நின்றுபோன அப்டேட்டுகள் இறங்கும்.

இன்னும் இடம் வேண்டுமென்றால் இப்போது படங்களைப் பார்க்கலாம். வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். கேபிளைக் கழற்றி மீண்டும் செருகி, நாலைந்து படங்களையும் ஒரு காணொளியையும் அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள். அதன் பிறகே கணினியில் உள்ளதை நீக்குங்கள். ஒரே டிஸ்க்கை நம்பாமல் இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

கடைசியாக, ஸ்டோரேஜ் பக்கத்துக்குத் திரும்பி, குப்பையைத் தானாகவே நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை இயக்குங்கள். ரீசைக்கிள் பின்னுக்கு 30 நாள் என்று வையுங்கள். டவுன்லோட்ஸுக்கு எதிரே மட்டும் நெவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.