திகில் கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திகில் கதைகளும் அவற்றுக்கான திரைக்கதைகளும் எழுதியே என் வாழ்நாளில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கத் தரும் பிரதிகளில் ஒரே குறைதான் வெவ்வேறு உருவங்களில் தென்படுகிறது. பேயைப் பற்றி நிறைய யோசித்திருப்பார்கள். அது எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்க வந்திருக்கிறது, எந்த இரவில் அதற்குப் பலம் கூடும் என்று எல்லாம் தயாராக இருக்கும். அந்தப் பேயிடம் மாட்டிக்கொள்ளும் ஆளைப் பற்றித்தான் ஒன்றும் இருக்காது. ஒரு பெயர், ஒரு வேலை, கையில் ஒரு டார்ச். அவ்வளவுதான்.

முன்பின் தெரியாத ஒருவர் சாவதைப் படித்தால் வாசகர் அதிர்வார், ஆனால் பயப்பட மாட்டார். அவர் பயப்பட வேண்டுமானால், அந்த ஆள் எதை இழந்தால் தாங்க மாட்டார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மகனோடு பேச்சு அறுந்துபோன ஒரு தாய் நள்ளிரவில் கதவுக்கு வெளியே அவன் குரலைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அது அவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. அந்தக் கை ஏன் போகிறது என்பது நமக்குப் புரிவதால்தான் பயம் வருகிறது. வெளியே நிற்பது என்ன என்பதை இன்னும் சொல்லவே இல்லை.

பாத்திரங்கள் காரணமில்லாமல் இருட்டு அறைக்குள் போவது, கூட்டமாக வந்தவர்கள் தனித்தனியாகப் பிரிவது போன்றவையும் இங்கிருந்துதான் வருகின்றன. ஆபத்து தெரிந்தும் ஒருவர் உள்ளே போகலாம். ஆனால் உள்ளே இழுப்பது அவருடைய ஆசையாகவோ குற்ற உணர்ச்சியாகவோ இருக்க வேண்டும். கதாசிரியரின் அவசரமாக இருக்கக் கூடாது.

அடுத்த தவறு, சீக்கிரம் காட்டிவிடுவது. ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், தாம் இறந்த பிறகு 1826ல் வெளியான ஒரு கட்டுரையில் இரண்டு விதமான பயங்களைப் பிரித்துச் சொல்கிறார். ஒன்று, வரப்போவதை எதிர்பார்த்து மனம் விரிந்து விழித்துக்கொள்வது. மற்றது, கண்முன் கண்டதும் மனம் சுருங்கி உறைந்துபோவது. இரண்டாவதை எழுதுவது சுலபம் என்பதால் பலர் அதிலேயே ஆரம்பிக்கிறார்கள். உறைந்த மனதை மேற்கொண்டு எங்கும் கொண்டுபோக முடியாது. அதற்குப் பிறகு ரத்தத்தின் அளவைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை.

ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படப்பிடிப்பில் இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. அதனால் சுறாவுக்குப் பதில் நீரின் பரப்பும், மிதக்கும் பீப்பாய்களும், இசையும் வேலை செய்தன. இந்த உதாரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, கடைசிவரை எதையுமே காட்டாமல் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படத்திலும் சுறா வருகிறது, முழுசாகவே வருகிறது. காக்க வைத்தவர் கொடுக்கவும் வேண்டும்.

திடுக்கிட வைப்பதைத் திகில் என்று நினைப்பதும் இதோடு சேர்ந்ததே. வால் லூட்டன் தயாரித்து ழாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். பின்னால் வரும் காலடி ஓசை நின்றுபோகிறது. அவள் நடை வேகமாகிறது. உறுமல் போல ஒரு சத்தம் திரைக்குள் பாய்கிறது. வந்து நின்றது ஒரு பேருந்து. திடீரென்று தூக்கிவாரிப்போட வைக்கும் இன்றைய ஜம்ப் ஸ்கேர்களுக்கு இதுதான் பாட்டி. பின்னால் வந்தவர்கள் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முந்தைய நடையை விட்டுவிட்டார்கள். அந்த நடை இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம். அதற்கு எழுத்தாளரே தேவையில்லை, ஒலிப்பதிவுக் கூடம் போதும்.

நாவலிலிருந்து திரைக்கதைக்கு வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது" என்பது நாவலில் நல்ல வாக்கியம். திரைக்கதையில் அதை யாரும் படம்பிடிக்க முடியாது. கேமராவுக்குக் கண்ணும் காதும்தான் உண்டு. அங்கே இப்படி எழுதலாம்: அவள் மேஜையில் மூன்று தட்டுகள் வைக்கிறாள். வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். கணவன் மூன்றாவது தட்டைப் பார்க்கிறான், எதுவும் கேட்காமல் சாப்பிட உட்காருகிறான். சரியில்லாதது இப்போது திரையில் இருக்கிறது. அவன் கேட்காததில் இன்னொரு கதையும் இருக்கிறது.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரு நடைவழியைக் கடக்க ஒரு நிமிடம் வேண்டுமென்றால், பக்கத்திலும் அது இடம் பிடிக்க வேண்டும். ஒரு வரி, ஒரு இடைவெளி, இன்னொரு வரி என்று படிப்பவரின் கண்ணை மெதுவாக இறக்குங்கள். 'பயங்கரமான', 'குலைநடுங்க வைக்கும்' போன்ற அடைமொழிகளை நான் அனேகமாக எல்லா ட்ராஃப்டிலும் அடித்துவிடுவேன். அவை படிப்பவருக்கு இடும் கட்டளைகள். யாரும் கட்டளைக்குப் பயப்படுவதில்லை.

முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு பெரியவர் வந்து ஃப்ளாஷ்பேக்கில் எல்லாவற்றையும் விளக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பேய்க்கு விதிகள் வேண்டும், எழுதுகிறவருக்கு அவை அத்துப்படியாக இருக்க வேண்டும். வாசகருக்கு அவற்றின் விளைவு தெரிந்தால் போதும்.

நீண்ட காலம் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது: ஒருமுறை பலித்த பயத்தையே திரும்பத் திரும்ப எழுதுவது. இருபது வயதில் என்னை மிரட்டியது இருட்டு. பிள்ளைகள் வந்த பிறகு, அவர்கள் நேரத்துக்கு வீடு திரும்பாத மாலைகள். இப்போது, நன்கு தெரிந்த முகத்தின் பெயர் நினைவுக்கு வராத அந்தக் கணம். பயம் நம்மோடு சேர்ந்து வயதாகிறது. பழைய பயத்தைக் கைப்பழக்கத்தில் எழுதினால், எழுதியவருக்கே சிலிர்க்கவில்லை என்பது இரண்டு பக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக, ஒப்பந்தம். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தின் தலைப்பை வெளியீட்டுக்கு முன் விநியோக நிறுவனம் மாற்றியபோது, பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பும் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அதைப் பிரதியெடுத்து விற்றார்கள். உரிமை விஷயத்தில் ஒரு வரி விடுபட்டால் இப்படித்தான் ஆகும், ஒப்பந்தத்திலும் அப்படியே. நாவலின் படவுரிமையைக் கொடுக்கும்போது தொடர்ச்சிப் படம், ரீமேக், வெப் சீரிஸ் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுகளில் உரிமை உங்களிடம் திரும்பும் என்பதைக் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பாருங்கள்.