முழுப் பக்கத்தையும் திரும்ப ஏற்றாமல் நடுப்பகுதியை மட்டும் மாற்றுவது எப்படி?

மருதமுனையில் கைத்தறிச் சாறியும் சாரமும் விற்கும் கடை ஒன்றுக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். முகப்பு, சாறி, சாரம், கொள்வனவு, தொடர்பு என்று ஐந்தே பக்கம். கடைக்காரர் சொன்ன குறை ஒன்றுதான்: "தம்பி, மெனுவில எதைத் தொட்டாலும் ஒருக்கா வெள்ளையா வந்துதான் மற்றப் பக்கம் வருது. பேஸ்புக்ல அப்பிடி வாறதில்லையே?"

அவர் சொன்னது சரிதான். சாதாரண லிங்க்கைத் தொட்டால் பிரவுசர் இருக்கிற பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை முதலில் இருந்து கட்டும். தலைப்பகுதி, மெனு, எழுத்துரு, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் கேஷில் இருந்தாலும் திரும்பவும் ஓட வேண்டும். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகிறவர் போனில் பார்த்தால், நடுவில் சிக்னல் விழுந்ததும் அரைகுறைப் பக்கத்தோடு நிற்பார். மாறவேண்டியது நடுப்பகுதி மட்டும்தான்.

இதற்கு ரியாக்ட், வியூ மாதிரிப் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்புகள் வேண்டுமா என்று கேட்காதீர்கள். ஐந்து பக்கத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஜேக்குவெரியின் லோட் முறையும் இதே வேலையைச் செய்யும், நம்மூர் வகுப்புகளில் இன்னும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் இப்போது சேர்வரிடம் இருந்து கோப்பை வாங்கித் தரும் 'ஃபெட்ச்' பிரவுசருக்குள்ளேயே இருக்கும்போது அதற்காக ஒரு நூலகத்தை இறக்குவது தண்டம். எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷன் எழுதுவதும் தெரிந்தால் போதும். ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், வி.எஸ். கோட் என்ற நிரல் எழுதும் செயலியில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினாலே மீதியை அது காட்டிவிடும்.

தொடங்குமுன்: கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள்

அப்படித் திறந்தால் முகவரி 'ஃபைல்' என்று தொடங்கும். அங்கே ஃபெட்ச் வேலை செய்யாது, பிரவுசர் பிழைகளைக் காட்டும் கொன்சோலில் 'கோர்ஸ்' (வேறிடத்துக் கோப்பை எடுப்பதற்கு பிரவுசர் வைத்திருக்கும் கட்டுப்பாடு) என்று சிவப்பில் திட்டும். உங்கள் நிரலில் பிழை இல்லை, சேர்வர் இல்லாததுதான் பிழை. வி.எஸ். கோட்டில் லைவ் சேர்வர் நீட்சியைப் போடுங்கள், 5500 ஆம் போர்ட்டில் தளம் திறக்கும். பைதன் இருந்தால் அதனோடு வரும் சேர்வரை அந்த ஃபோல்டரில் இருந்து ஓட்டினாலும் போதும், அது 8000. எனக்குப் பிடித்தது லைவ் சேர்வர்தான், சேமித்ததும் தானே புதுப்பித்துக் காட்டும்.

படி 1: ஒவ்வொரு பக்கமும் தனியாக நிற்கட்டும்

இந்த இடத்தில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. வழக்கமாகச் சொல்லிக் கொடுப்பது, ஒரே ஒரு இன்டெக்ஸ் கோப்பு வைத்து, மற்றவற்றைத் தலையும் வாலும் இல்லாத துண்டுகளாக வெட்டி வைப்பது. நான் ஐந்தையும் முழுப் பக்கங்களாகவே வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் தலைப்பகுதி, மெனு, மெயின் (நடுப்பகுதி), அடிப்பகுதி எல்லாம் இருக்கும். லிங்க்குகளும் உண்மையான முகவரிக்கே போகும். ஜாவாஸ்கிரிப்ட் செய்யப்போவது குறுக்கு வழி மட்டும்: அடுத்த பக்கத்தை முழுதாக வாங்கி, அதன் மெயினை மட்டும் எடுத்து, இங்கிருக்கும் மெயினின் இடத்தில் வைப்பது.

இதில் சில கிலோபைட் கூடுதலாக இறங்கும். இறங்கட்டும். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் தளம் நடக்கும், கூகுளும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும், யாராவது சாரம் பக்கத்தின் லிங்க்கை வட்ஸ்அப்பில் அனுப்பினால் நேரே அங்கேயே திறக்கும்.

படி 2: கிளிக்கைப் பிடிப்பது

ஒவ்வொரு லிங்க்குக்கும் தனித்தனியாக லிஸனர் (கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன்) வைக்காதீர்கள், மெயின் மாறியதும் அதற்குள் இருந்தவை எல்லாம் போய்விடும். டொக்கியூமென்டுக்கு ஒன்றே ஒன்று போதும். கிளிக் வந்ததும் அதன் டார்கெட்டில் 'க்ளோஸஸ்ட்' வைத்து மேலே தேடி, லிங்க் உண்டா என்று பாருங்கள். சாறிப் படத்தைத் தொட்டால் டார்கெட் படமாக இருக்கும், லிங்க் அதற்கு வெளியே இருக்கும், அதனால்தான் தேடவேண்டும்.

லிங்க் கிடைத்ததும் உடனே தடுக்கவேண்டாம். அதன் ஒரிஜினும் (முகவரியின் நெறிமுறை, தளப்பெயர், போர்ட் மூன்றும் சேர்ந்தது) நம் தளத்தின் ஒரிஜினும் ஒன்றா என்று பாருங்கள். தொலைபேசி லிங்க், வட்ஸ்அப் லிங்க் எல்லாம் இந்த ஒரு சோதனையிலேயே கழிந்துவிடும். கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு கிளிக் செய்தவரையும் (மேக்கில் கமாண்ட்), புதிய டப்பில் திறக்கச் சொன்ன லிங்க்கையும், டவுன்லோட் லிங்க்கையும், அதே பக்கத்துக்குள்ளேயே தாவும் # லிங்க்கையும் விட்டுவிடுங்கள். மிச்சத்துக்கு மட்டும் 'பிரிவென்ட் டிஃபோல்ட்'.

படி 3: வாங்கி, பிரித்து, வைப்பது

ஃபெட்ச்சுக்கு முகவரியைக் கொடுத்து அவெயிட் போடுங்கள். ஃபெட்ச்சிடம் ஒரு குணம் உண்டு: சேர்வர் 404 என்று சொன்னாலும் அதைத் தோல்வியாக எடுக்காது. இணைப்பே கிடைக்காதபோதுதான் கேட்ச் பகுதிக்குப் போகும். அதனால் பதில் வந்ததும் அதன் 'ஓகே' உண்மையா என்று நீங்கள்தான் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் "பக்கம் இல்லை" என்ற பக்கத்தின் மெயின் அழகாக வந்து உட்கார்ந்துவிடும்.

பிறகு டெக்ஸ்டாக எடுத்து, எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் டொம் பார்ஸரிடம் கொடுத்தால் ஒரு முழு ஆவணம் கையில் கிடைக்கும். அதில் மெயினைத் தேடி, பழைய மெயினை 'ரிப்ளேஸ் வித்' வைத்து மாற்றுங்கள். பக்கத் தலைப்பையும் மறக்காமல் மாற்றுங்கள்.

ஏதாவது பிழைத்தால், அல்லது மெயினே கிடைக்காவிட்டால், பிழைச் செய்தி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். லொகேஷனில் அந்த முகவரியைப் போட்டு பிரவுசரையே அனுப்பிவிடுங்கள். பக்கங்கள் தனியாக நிற்பதன் பலன் இது.

படி 4: பின் பட்டன்

இதுவரை செய்தது சின்ன வேலை. தளம் நன்றாக இருக்கிறதா என்பது இந்தப் படியில்தான் தெரியும்.

இப்போது உள்ளடக்கம் மாறுகிறது, முகவரி மாறவில்லை. பின் பட்டனைத் தொட்டால் தளத்தை விட்டே வெளியே போய்விடும். இதற்குத்தான் ஹிஸ்டரியின் 'புஷ்ஸ்டேட்'. அது முகவரிப் பட்டையை மாற்றி, வரலாற்றில் ஒரு பதிவைச் சேர்க்கும், பக்கத்தை ஏற்றாது. புதிய மெயினை வைப்பதற்கு முன்பே இதைக் கூப்பிடுங்கள். படங்களின் பாதை, வைக்கிற நேரத்தில் இருக்கிற முகவரியை வைத்தே கணக்கிடப்படும். பிந்தினால் சாறிப் படங்களை முகப்பின் ஃபோல்டரில் தேடும். எல்லாப் பாதையையும் சாய்கோட்டில் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

பின் பட்டனைத் தொடும்போது வரும் நிகழ்வு 'பொப்ஸ்டேட்'. புஷ்ஸ்டேட்டைக் கூப்பிடும்போது இது வராது, பின்னோ முன்னோ போகும்போதுதான் வரும். அப்போது பட்டையில் இருக்கும் முகவரி ஏற்கெனவே மாறிவிட்டிருக்கும். அந்த முகவரிக்குரிய உள்ளடக்கத்தை ஏற்றுவது மட்டுமே உங்கள் வேலை.

'மட்டுமே' என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்களில் ஏற்றும் ஃபங்ஷனுக்குள்ளேயே புஷ்ஸ்டேட் இருக்கும். அதையே பொப்ஸ்டேட்டிலும் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முகப்பு, சாறி, சாரம் என்று வந்திருக்கிறீர்கள். பின் பட்டன்: சாறிக்கு வருகிறீர்கள். ஃபங்ஷன் சாறியை இன்னொரு முறை வரலாற்றில் ஏற்றுகிறது. இப்போது வரிசை முகப்பு, சாறி, சாறி. திரும்பப் பின் பட்டன்: முதல் சாறிக்கு வருகிறீர்கள், உடனே மேலே இன்னொரு சாறி. எத்தனை தரம் அழுத்தினாலும் சாறிதான், முகப்புக்குப் போகவே முடியாது. கொன்சோலில் ஒரு பிழையும் இருக்காது.

அதனால் ஏற்றுவது ஒரு ஃபங்ஷன், கிளிக்கைக் கவனிப்பது இன்னொன்று. புஷ்ஸ்டேட் கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷனில் மட்டும் இருக்கட்டும். # லிங்க்குகளாலும் பொப்ஸ்டேட் வரும் என்பதால், பாதை பழையதுதானா என்று பார்த்து, அப்படியென்றால் ஒன்றும் செய்யாமல் திரும்புங்கள்.

ஸ்கிரோலும் இங்கேதான் சேர்த்தி. புதிய பக்கத்துக்குப் போனால் மேலே ஏற்றிவிடுங்கள். பின்னே வரும்போது பிரவுசர் பழைய இடத்துக்கு இறக்கப் பார்க்கும், ஆனால் உள்ளடக்கம் இன்னும் வந்திருக்காது, அதனால் தப்பான இடத்தில் நிற்கும். 'ஸ்கிரோல் ரெஸ்டோரேஷன்' என்பதை 'மெனுவல்' ஆக்கி, புஷ்ஸ்டேட்டுக்கு முன் 'ரிப்ளேஸ்ஸ்டேட்' மூலம் இருந்த உயரத்தைப் பதிந்து வையுங்கள். பொப்ஸ்டேட் வரும்போது அது நிகழ்வின் ஸ்டேட்டில் கிடைக்கும். மெயினை வைத்த பிறகு அங்கே இறக்குங்கள்.

படி 5: அவசரக் கை

சிக்னல் மெதுவாக இருக்கும்போது ஒருவர் சாறியைத் தொடுவார், ஒன்றும் நடக்கவில்லை என்று சாரத்தைத் தொடுவார். சாரம் முதலில் வரும். அப்புறம் பிந்தி வந்த சாறி அதன் மேலே ஏறி உட்காரும். முகவரியில் சாரம், திரையில் சாறி. புதிய கிளிக் வந்ததும் பழைய கோரிக்கையை 'அபோர்ட் கொன்ட்ரோலர்' வைத்து வெட்டிவிடுங்கள். வெட்டப்பட்ட கோரிக்கையும் கேட்ச் பகுதிக்குத்தான் வரும். படி 3இல் அங்கே பிரவுசரை அனுப்பச் சொன்னோம் அல்லவா? பிழையின் பெயர் 'அபோர்ட் எரர்' என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று விட்ட பக்கத்துக்கே ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

பிரவுசரில் உள்ள சோதனைக் கருவியான டெவ்டூல்ஸின் நெட்வேர்க் டப்பில் வேகத்தைக் குறைத்து வைத்துச் சோதியுங்கள். வீட்டு ஃபைபரில் இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படாது.

படி 6: மிச்சம்

மாற்றி வைத்த மெயினுக்குள் ஸ்கிரிப்ட் இருந்தால் அது ஓடாது. படச் சுழலி மாதிரி ஏதாவது இருந்தால், அதைத் தொடக்கும் ஃபங்ஷனைப் பொதுக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பிறகும் கூப்பிடுங்கள். மெனுவில் எந்தப் பக்கம் என்ற அடையாளத்தை மாற்றுங்கள். ஃபோகஸைப் புதிய தலைப்புக்கு நகர்த்துங்கள், திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கு அப்போதுதான் பக்கம் மாறியது தெரியும்.

பின்சேர்க்கை: வந்த கேள்விகள்

பொத்துவிலில் இருந்து ஒருவர், துண்டுகளாக வெட்டும் முறையில் செய்ததாகவும் ரீலோட் செய்தால் 404 வருவதாகவும் கேட்டிருந்தார். முகவரியில் தெரிவதற்கு நேரான கோப்பு சேர்வரில் இல்லை, அதனால்தான். எந்த முகவரி கேட்டாலும் இன்டெக்ஸைக் கொடு என்று சேர்வருக்குச் சொல்லவேண்டும். தளங்களை வைக்கும் சேவையான நெட்லிஃபையில் ரீடைரெக்ட்ஸ் கோப்பில் ஒரு வரி போதும், அப்பாச்சி சேர்வரில் எச்டிஅக்ஸஸ் கோப்பில் எழுதலாம். இன்னொரு சேவையான கிட்ஹப் பேஜஸில் இதற்கு வழி இல்லை; இன்டெக்ஸின் பிரதியை 404 என்ற பெயரில் வைத்து ஒப்பேற்றுகிறார்கள், திரையில் பக்கம் வந்தாலும் சேர்வர் சொல்வது 404 தான். அவர் இருப்பது கிட்ஹப்பில். படி 1க்குத் திரும்பி வாருங்கள் என்றுதான் சொன்னேன்.

இன்னொருவரின் பழைய பக்கங்கள் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டியவை. நேரே திறந்தால் தமிழ், நம் முறையில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். மெயினை மட்டும் எடுப்பதால், அந்தப் பக்கத்தின் தலையில் இருந்த எழுத்துரு வரி கூட வரவில்லை. அந்த வரியைப் பொது ஸ்டைல் கோப்புக்கு மாற்றினால் சரியாகும். ஆனால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது, பாமினியில் உள்ளதைத் தமிழில் தேடும் ஒருவருக்கும் கூகுள் காட்டாது.

மூன்றாவது கேள்வி முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்பது. வைக்கலாம், ஆனால் 'கொள்வனவு' என்ற ஒரு சொல் குறியேறினால் சதவீதக் குறிகளோடு 72 எழுத்தாகிவிடும், வட்ஸ்அப்பில் அனுப்பும்போது பார்க்கச் சகிக்காது. அதோடு 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறியை ஒன்றாகவும், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு முகவரி. மெனு அடையாளம் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் விழவில்லை என்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு முகவரியையும் டிகோட் செய்து, 'நோர்மலைஸ்' போட்டால் சரிவரும். கடைத் தளத்தில் நான் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தலைப்பை மட்டும் தமிழில் விட்டிருக்கிறேன்.