ஜாம்பிகளை வீவக வீட்டுக்கு அழைத்துவரும் முன்

1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தை நம் ஊர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கில் வைத்து, கதையை மாற்றி எடுத்தால் எப்படி இருக்கும்? சிங்கப்பூரில் குறும்படம் எடுக்கும் தமிழ் இளையர்களுக்கு இந்த யோசனை அடிக்கடி வருகிறது. வருவதில் ஆச்சரியமில்லை. ஜார்ஜ் ரோமெரோ அந்தப் படத்தைச் சுமார் 114,000 அமெரிக்க டாலரில், பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே, கறுப்பு வெள்ளையில் எடுத்து முடித்தார். ஒரு பண்ணை வீடு, உள்ளே ஏழு பேர், வெளியே நடமாடும் பிணங்கள், ஒரே இரவு. கையில் காசில்லாதவனைப் பார்த்து ‘உன்னாலும் முடியும்’ என்று கூப்பிடும் படம் அது.

ஆனால் எழுதி வரும் திரைக்கதைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. நாயகன் பென் ‘பாலா’ ஆகிறான், அவனோடு மாட்டிக்கொண்ட பார்பரா ‘பார்வதி’ ஆகிறாள், பண்ணை வீடு ஈசூனில் நான்கறை வீடாகிறது. மற்றதெல்லாம் அப்படியே. கதையை மாற்றிவிட்டதாக எழுதியவர் நம்புகிறார். மாறியது விலாசம் மட்டும்தான்.

மூலப்படத்தில் பென் பாதி நேரம் என்ன செய்கிறான் என்று கவனித்துப் பாருங்கள். மேசையை உடைக்கிறான், கதவுப் பலகைகளைக் கழற்றுகிறான், சன்னல்களில் வைத்து ஆணி அடிக்கிறான். அந்த மரவீடு எந்தப் பக்கமும் உடையக்கூடியது. அந்த ஆணி அடிப்பில்தான் ஆட்களின் குணம் தெரிகிறது: யார் உதவுகிறார், யார் சும்மா நிற்கிறார், யார் உளறுகிறார். இதை வீவக வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சுவர் கான்கிரீட். வாசலில் மரக்கதவு, அதற்கு முன்னால் இரும்பு கேட். சன்னலுக்குக் கம்பி. பத்தாவது மாடி. எந்த ஜாம்பியும் சுவரேறி வரப்போவதில்லை. ஆனாலும் நம் பாலா, அலமாரியை உடைத்துச் சன்னலில் ஆணி அடித்துக்கொண்டிருப்பான், ஏனென்றால் பழைய படத்தில் அடித்தார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அதுவும் தப்பான இடத்தில்.

வீவக வீட்டில் ஆபத்து கேட்டைத் திறப்பதில் இருக்கிறது. காரிடாரில் எதிர்வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) நின்று தட்டுகிறார். கையில் காயம். கடிபட்டதா, கண்ணாடி கீறியதா தெரியாது. போன வாரம்தான் உங்கள் வீட்டுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பியவர். கேட் வழியாக முகம் முழுக்கத் தெரிகிறது, பேசுவது கேட்கிறது. திறப்பதா, வேண்டாமா? பண்ணை வீட்டில் வெளியே நிற்பவர்கள் பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். புளோக்கில் வெளியே நிற்பவர்கள் எல்லோரையும் லிஃப்டில் பார்த்திருக்கிறோம். கதையை மாற்ற வேண்டும் என்றால் இந்த இடத்தில் மாற்றுங்கள். அடைப்பதைப் பற்றிய படத்தைத் திறப்பதைப் பற்றிய படமாக ஆக்குங்கள். இந்த ஒன்றை மாற்றினால் மற்ற மாற்றங்கள் தாமாக வரும். பத்து விஷயத்தை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

பாதாள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் பெரிய சண்டையே அதைப் பற்றித்தான். மனைவி, மகளோடு அந்த வீட்டில் ஒளிந்திருக்கும் ஹாரி கூப்பர் கீழே போய்ப் பூட்டிக்கொள்ளலாம் என்கிறார். அங்கே போனால் தப்ப வழியே இல்லை, மேலேயே இருப்போம் என்கிறான் பென். நமக்குப் பாதாள அறை இல்லையே என்று பலர் இந்தச் சண்டையையே வெட்டிவிடுகிறார்கள். இருக்கிறதே! 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் குண்டுவீச்சு வந்தால் பதுங்குவதற்காகக் கனத்த இரும்புக் கதவு போட்ட பாம் ஷெல்டர் இருக்கிறது. நம் வீடுகளில் அரிசி மூட்டையும் பெட்டியும் கொலு பொம்மைகளும் அடைந்து கிடக்கும் அதே அறைதான். மூலத்தில் கூப்பரின் மகள் கேரன் கடிபட்டுக் கீழே படுத்திருக்கிறாள், கடைசியில் எழுந்து தாயையே கொல்கிறாள். அந்தப் பிள்ளையை ஷெல்டருக்குள் படுக்க வைத்துக் கதவைச் சாத்துங்கள். உள்ளிருந்து ‘அம்மா’ என்று கூப்பிடட்டும். இப்போது வீட்டுக்கு இரண்டு வாசல்கள், இரண்டிலும் ஒரே கேள்வி.

கூப்பரை வில்லனாக்குவது இன்னொரு வழக்கமான தவறு. படத்தை மறுபடி பாருங்கள். அந்த மனிதர் கத்துகிறார், துப்பாக்கியைப் பிடுங்கப் பார்க்கிறார், பிடிக்காத ஆள்தான். ஆனால் கடைசியில் பென் உயிர் பிழைப்பது, வேண்டாம் என்று அவன் அடம்பிடித்த அதே பாதாள அறையில். கூப்பர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சகிக்கவில்லை. நம் கதையில் அவர் ஓய்வு பெற்ற ஓர் அங்கிளாக இருக்கலாம். அதட்டிப் பேசுவார், யார் பேச்சையும் கேட்கமாட்டார், ஆனால் கேட்டைத் திறக்காதே என்று முதலில் சொன்னவர் அவர்தான். நல்லவன் தப்பாகவும் எரிச்சலூட்டுபவர் சரியாகவும் இருக்கும்போதுதான் அந்த அறை சூடாகும்.

1990இல் டாம் சாவினி இயக்கிய மறு ஆக்கம் இந்த விஷயத்தில் படித்துப் பார்க்க வேண்டிய பாடம். பழைய படத்தில் அதிர்ச்சியில் உறைந்து உட்கார்ந்திருக்கும் பார்பராவை அவர்கள் தெளிந்து எழ வைத்தார்கள். இவை இவ்வளவு மெதுவாக நடக்கின்றனவே, பக்கத்தில் நடந்தே போய்விடலாமே என்கிறாள் அவள். அந்த ஒரு பாத்திரம் மாறியதில் பென், கூப்பர் இருவர் முடிவும் மாறிவிட்டது. பிணங்கள் அப்படியே இருக்கின்றன. ஜாம்பியை ஓட வைப்பது, பறக்க வைப்பது, அதற்குப் புது வைரஸ் கண்டுபிடிப்பது எல்லாம் சுலபமான வேலை. பிணங்கள் எழக் காரணம், வெள்ளிக் கிரகத்துக்குப் போய்த் திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சாக இருக்கலாம் என்று மூலப்படம் ஒரு பேச்சோடு விட்டுவிடுகிறது, யாரும் உறுதிப்படுத்துவதில்லை. உங்கள் படத்திலும் காரணத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள்.

ஜாம்பிக்குப் பதிலாக மலாய்ப் பெண் பேயான பொந்தியானாக்கைக் கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். கொண்டுவரலாம், ஆனால் அது வேறு படம். பொந்தியானாக்குக்கு ஒரு பெயர், ஒரு பழைய துக்கம், ஒரு பழி உண்டு. இந்தக் கதைக்குப் பெயரில்லாத கூட்டம் வேண்டும். தவிர, 1957இல் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கத்தில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் இங்கே ‘பொந்தியானாக்’ எடுத்து, மரியா மெனாடோ நடித்து, கூட்டம் அலைமோதிய வரலாறு இருக்கிறது. அந்தப் பேயைத் தொட்டால் அந்தப் படங்களோடு ஒப்பிடுவார்கள். தயாரென்றால் செய்யுங்கள்.

அடுத்தது, நம் ஊருக்கே உரிய சிக்கல்: சிங்கப்பூரில் உதவி வந்துவிடும். 999ஐ அழைத்தால் போலிஸ், 995ஐ அழைத்தால் குடிமைத் தற்காப்புப் படை. ‘போனில் சார்ஜ் இல்லை’, ‘சிக்னல் இல்லை’ என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். தோ பாயோவில் சிக்னல் இல்லை என்றால் ஜாம்பியை நம்புகிறவர்கூட அதை நம்பமாட்டார். அதற்குப் பதில் உதவி ஏன் தாமதிக்கிறது என்பதையே கதையாக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15ஆம் தேதி, 1942இல் சிங்கப்பூர் சரணடைந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு தினத்தன்று, மாலை 6.20 மணிக்குத் தீவெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கும். எல்லோரும் ‘ஓ, வருஷா வருஷம் ஊதுறதுதானே’ என்று வேலையைப் பார்ப்போம். உங்கள் கதையை அன்றைக்குத் தொடங்கினால்? அந்த மாதத்தில் பொழுது சாய ஏழே காலுக்கு மேல் ஆகும். சங்கை யாரும் பொருட்படுத்தாத ஒரு மணி நேர வெளிச்சம் உங்களுக்குக் கிடைக்கிறது.

மூலப்படத்தில் செய்தி வரும் விதத்தையும் கவனியுங்கள். முதலில் வானொலி, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்கிறது. பிறகு தொலைக்காட்சி, மீட்பு நிலையங்களுக்குப் போங்கள் என்று மாற்றிச் சொல்கிறது. அந்த மாற்றத்தை நம்பித்தான் வண்டிக்குப் பெட்ரோல் போடக் கிளம்பி அந்த வீட்டிலிருந்த இளம் ஜோடி டாமும் ஜூடியும் எரிந்து சாகிறார்கள். இங்கே அறிவிப்பு நான்கு மொழிகளில் வரும். பேரன் ஆங்கிலத்தில் கேட்டது ஒன்று, பாட்டிக்கு ஒலி 96.8 வானொலியில் தமிழில் வந்து சேர்வதற்குள் உத்தரவு மாறிவிட்டது. வீட்டில் இரண்டு பேர் இரண்டு உத்தரவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது ஒன்று சுற்றுகிறது. இதை எழுதப் புது மூளை தேவையில்லை, நம் வீட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இதே காரணத்துக்காக, காரிடார் முழுக்க எல்லோரும் சுத்தத் தமிழில் பேசுவதையும் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தமிழ் பேசினால் அது ஜாம்பியைவிடப் பெரிய அதிசயம்.

துப்பாக்கி வேண்டவே வேண்டாம். பென்னுக்குப் பண்ணை வீட்டில் ஒரு ரைஃபிள் கிடைத்தது, நம் ஊரில் எந்த வீட்டில் கிடைக்கும்? துணி காயப்போடும் மூங்கில் கழி இருக்கிறது, அரிவாள்மனை இருக்கிறது. கழி நீளமானது, கேட் கம்பிக்குள் நுழையும். அது போதும்.

இருட்டும் அப்படித்தான். வீவக காரிடாரில் இரவு முழுக்க வெள்ளை விளக்கு எரியும். பேய்ப்படம் என்றதும் மின்வெட்டு எழுதுகிறார்கள். அந்த வெள்ளை வெளிச்சத்தில், வரிசையாகச் செருப்பு அலமாரிகளும் பூந்தொட்டிகளும் தெளிவாகத் தெரிய, ஒரு ஆள் மெதுவாக நடந்து வருவதைக் காட்டிப் பாருங்கள். மூலத்தின் சாயல் வேண்டும் என்று கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதும் தேவையில்லை. அவர்கள் அப்படி எடுத்ததற்குப் பணமும் ஒரு காரணம்.

முடிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சொதப்புவது இங்கேதான். இரவெல்லாம் போராடிப் பிழைத்த பென்னை, விடிந்ததும் ஜாம்பி வேட்டைக்கு வந்த கூட்டம் அவனையும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். படத்தில் எவரும் அவன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திரைக்கதையில் அப்படிக் குறிப்பே இல்லை என்று ரோமெரோ சொல்லியிருக்கிறார். யாரும் பேசாததால்தான் அந்தக் கடைசிக் காட்சி இன்றுவரை உறுத்துகிறது. மறு ஆக்கம் செய்கிறவர்கள் ஒன்று பென்னைக் காப்பாற்றிவிடுகிறார்கள், அல்லது சாகும் முன் இனப் பாகுபாடு பற்றி அவனை மூன்று நிமிடம் வசனம் பேச வைக்கிறார்கள். இரண்டாவது கொடுமையிலும் கொடுமை.

நம் ஊரில் துப்பாக்கியோடு திரியும் கூட்டம் கிடையாது. ஆனால் பட்டியல் உண்டு. ஏர்கான் பழுது பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு ஊழியர், புதுக்கோட்டைப் பையன் என்று வைத்துக்கொள்வோம், அந்த வீட்டில் மாட்டிக்கொள்கிறான். இரவு முழுக்கக் கேட்டைப் பிடித்து நின்றவன் அவன்தான். விடியற்காலையில் ஷெல்டருக்குள் அசந்து தூங்கிவிடுகிறான். மீட்பவர்கள் வருகிறார்கள், அந்த வீட்டு விலாசத்தில் பதிவான பெயர்களைக் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறார்கள், கதவில் சீல் வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். கெட்டவர்கள் யாருமில்லை. எல்லோரும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். பின்னணியில் சோக வயலின் போட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி நடைமுறை. படம் பொதுச்சொத்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அடித்துச் சொல்வார்கள். அமெரிக்காவில் உண்மைதான். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது விநியோகஸ்தர்கள் பதிப்புரிமைக் குறிப்பைப் போட மறந்தார்கள், அந்நாளையச் சட்டப்படி உரிமையே போய்விட்டது. ஆனால் அது அமெரிக்கச் சட்டம். இங்கே 2021 பதிப்புரிமைச் சட்டம் தனி. அமெரிக்காவில் பொதுச்சொத்து என்பதாலேயே இங்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கதையை உண்மையிலேயே மாற்றியிருந்தால் உங்களுக்குக் கவலை குறைவு. மூலத்தின் காட்சித் துண்டையோ வசனத்தையோ இசையையோ அப்படியே எடுப்பதாக இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திரையரங்கிலோ விழாவிலோ காட்டுவதற்கு தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தர மதிப்பீடு வேண்டும். குடலை உருவும் காட்சி வைத்தால் என்சி16, எம்18 என்று (16, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதியில்லை) ஏறும். பள்ளிக்கூடத் தம்பி தங்கைகள் பார்க்க வேண்டும் என்று எடுத்தால், எழுதும்போதே அதை நினைவில் வையுங்கள்.

காரிடாரும் கீழ்த்தளமும் நகர மன்றத்தின் பொறுப்பு, அனுமதி கேளுங்கள். அக்கம்பக்கத்துக்கும் போலிசுக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். இரவில் ரத்தக் கறையோடு இருபது பேர் லிஃப்டுக்குக் காத்திருந்தால் யாராவது 999ஐ அழைக்கத்தான் செய்வார்கள். அந்த ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: ரோமெரோ குழு சாக்லெட் சிரப்பைப் பயன்படுத்தியது என்று படித்துவிட்டு அதையே வாங்கிவராதீர்கள். கறுப்பு வெள்ளையில் அது ரத்தம், வண்ணத்தில் அது சாக்லெட். கார்ன் சிரப்பில் சிவப்புச் சாயமும் துளி நீலமும் கலந்தால் சரியாக வரும். சாயம் தரையில் ஒட்டும் என்பதால், கழுவிவிட ஒருவரை முன்பே நியமியுங்கள். ஜாம்பியாக நடித்தவர்களை நம்பாதீர்கள், அவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.