காலை சமையலை எட்டு மணிக்குள் முடிப்பது எப்படி? இரண்டு பர்னர் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் வேலூரில் எட்டு மணிக்கு மேல் அடுப்புப் பக்கம் நிற்கவே முடியாது. புதிதாகச் சமைக்கத் தொடங்குகிறவர்கள் நறுக்குவதில்தான் நேரம் போகிறது என்பார்கள், ஆனால் நான் பார்த்தவரை காத்திருப்பதில்தான் போகிறது: வெங்காயம் நறுக்கி முடித்த பிறகு பருப்பைக் கழுவுவது, பருப்பு வெந்த பிறகு புளியைத் தேடி ஊறவைப்பது. தானாக நடக்கிற வேலையை முதலில் ஆரம்பித்துவிட்டு, கை வேலையை அது நடக்கிற நேரத்தில் செய்யுங்கள். சாதம், முள்ளுக் கத்திரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முந்தின இரவே சின்ன வெங்காயத்தை உரித்து, பீன்ஸை நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கத்திரிக்காயை மட்டும் இரவில் தொடாதீர்கள், கறுத்துவிடும்.

காலையில் எழுந்ததும், பல் துலக்கப் போவதற்கு முன்பே, அரிசியையும் துவரம்பருப்பையும் கழுவித் தனித்தனியாக ஊறவையுங்கள், எலுமிச்சை அளவு புளியை வெந்நீரில் போடுங்கள். மூன்று நிமிட வேலைதான். இருபது நிமிடம் கழித்து நீங்கள் வரும்போது மூன்றும் தயாராக இருக்கும்.

இப்போது இடது பர்னரில் குக்கர். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதன்மேல் பருப்புப் பாத்திரம் (மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய், பருப்பு நன்றாக மூழ்கும் அளவு தண்ணீர்), அதற்கு மேல் அரிசிப் பாத்திரம், ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். புளியைப் பருப்போடு சேர்த்து வேகவிடாதீர்கள், புளிப்பு பட்டால் பருப்பு குழையாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் கேஸை வீணாக்குகிறார்கள். விசில் வந்துவிட்டால் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி சூடு இருக்கிறது, அதற்கு மேல் தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, ஆவிதான் வெளியே போகும்.

குக்கரை ஏற்றிய கையோடு கத்திரிக்காய்க்கு வாருங்கள். எங்கள் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்களுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் காம்பிலும் அதை ஒட்டிய பச்சை மூடியிலும் முள் இருக்கும், அவசரத்தில் காம்பைப் பிடித்தால் விரலில் ஏறும். காயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காம்பை முதலில் வெட்டி எறியுங்கள், அப்புறம் நான்காகக் கீறி உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

வலது பர்னரில் வாணலியை வைத்து எண்ணெயில் வெங்காயம், கத்திரிக்காய், தக்காளி வதக்கி, சாம்பார்த்தூளும் உப்பும் போட்டுப் புளியைக் கரைத்து ஊற்றி மூடுங்கள். இதில் பச்சை வாசனை போவதற்குள் குக்கர் முடிந்து இடது பர்னர் காலியாகிவிடும், அங்கே பீன்ஸ் பொரியல். குக்கரின் ஆவி தானாக அடங்கட்டும், கரண்டியால் வெயிட்டைத் தூக்க வேண்டாம். மூடியைத் திறந்ததும் பருப்பை மசித்துக் குழம்பில் கொட்டி ஒரு கொதி விட்டால் சாம்பார். அஞ்சறைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் திறந்தபடி இருக்கட்டும், கடுகு வெடிக்கிற நேரத்தில் தேடினால் தீய்ந்துவிடும்.

டிபன் பாக்ஸ் கட்டுகிறவர்கள் மட்டும் இன்னொன்று செய்ய வேண்டும்: சாதத்தைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு மூடுங்கள். சூடாக மூடினால் மூடியில் ஆவி வியர்த்து சாதத்தில் சொட்டும், நம்ம ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் ஊசிப்போகும்.