கறுத்த வாழைப்பழத்தில் கருப்பட்டி பிரெட்

மண்டபத்தில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. விடியற்காலைக் கூட்டம் குறைந்துவிடும். வாசலில் தொங்கும் தாரில் கடைசி இரண்டு சீப்பு விற்காமலே கறுத்துப்போகும். தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அக்கா மகள் சொல்லிக்கொடுத்த வாழைப்பழ பிரெட்டை ஓவன் இல்லாமல், சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுச் செய்கிறேன்.

பழம்தான் முக்கியம். தோலில் புள்ளி விழுந்தால் போதாது. பாதிக்கு மேல் கறுத்து, தொட்டாலே காம்பிலிருந்து கழன்று வரவேண்டும். கனியக் கனிய உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்த இனிப்புக்கும் வாசத்துக்கும் ஈடு கிடையாது. புளித்த வாடை அடித்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். உரித்தபின் கால் கிலோ வேண்டும். பச்சைப்பழம் 3 போதும், சின்ன நாட்டுப்பழம் என்றால் 5 ஆகும். ரஸ்தாளியில் சில சமயம் கல் மாதிரிக் கட்டி நிற்கும், அதனால் நான் எடுப்பதில்லை. மிக்ஸி வேண்டாம், கையாலேயே பிசையுங்கள்.

கருப்பட்டி 150 கிராம். எங்களுக்குச் சாயல்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. தட்டி, 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுச் சூடாக்கி, கரைந்ததும் துணியில் வடிகட்டுங்கள். துணியை விரித்துப் பாருங்கள்: பொடி மணலும் நார்த் துணுக்கும் ஒட்டியிருக்கும். வடிகட்டாமல் விட்டால் அத்தனையும் பல்லில் நறநறக்கும். பாகு நன்றாக ஆறட்டும். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும்.

பிசைந்த பழத்தில் 2 முட்டை, கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாக நல்லெண்ணெய் (80 மில்லி), 2 மேசைக்கரண்டி தயிர், ஆறிய பாகு எல்லாம் சேர்த்துக் கலக்குங்கள். நல்லெண்ணெயா என்று யோசிக்காதீர்கள். உளுந்தங்களியில் கருப்பட்டியோடு சேர்கிற அதே எண்ணெய்தானே. தயிரின் புளிப்பு பட்டால்தான் சோடா நன்றாகப் பொங்கும்.

மைதா 220 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. சேர்த்துச் சலித்துப் பழக்கலவையில் கொட்டி, அகப்பையால் அடியிலிருந்து புரட்டுங்கள். வெள்ளை மாவு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இட்லி மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் பிரெட் ரப்பராக இழுக்கும். சின்னக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

அடிகனமான பெரிய சட்டியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி (எனக்கு வாலிநோக்கம் உப்பு), மேலே ஒரு வளையம் வைத்து, மூடி 10 நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் கலவையை முக்கால் அளவுக்கு ஊற்றி உள்ளே இறக்குங்கள். மூடியின் உட்புறம் துணியைக் கட்டி, முனைகளை மேலே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். கீழே தொங்கினால் தீப்பிடிக்கும். அந்தத் துணி இல்லாமல் செய்த முதல் தடவை, ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்து நடுப்பகுதி களியாகவே நின்றுவிட்டது.

சிறு தீயில் 50 நிமிடம். முதல் 35 நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது, உப்பின பிரெட் அமுங்கிவிடும். மே கடைசியில் கச்சான் காற்று அடிக்கும்போது தீ அலைபாயும். அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்து மறைத்துக்கொள்வேன். அப்புறம் ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது; ஒட்டினால் இன்னும் ஐந்து ஐந்து நிமிடமாக விடுங்கள்.

முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள். மறுநாள் காலையில் கருப்பட்டி வாசம் இன்னும் ஊறி நிற்கும், அன்றைக்குத்தான் கடையில் டீயோடு வைக்கிறேன். இங்கே காற்றில் ஈரம் அதிகம். மூன்றாம் நாளுக்கு வெளியே வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.